பவர்டேபிள் போடும் விவசாயி பார்க்க வேண்டிய கணக்கு

திருப்பூரைச் சுற்றியுள்ள அவினாசி, பல்லடம், ஊத்துக்குளி, காங்கயம் வட்டாரங்களில் விவசாயத்தை மட்டும் நம்பி வாழும் சிறு விவசாயக் குடும்பங்கள் குறைந்து வருகின்றன. மானாவாரி நிலத்தில் மழை கைகொடுத்தால்தான் சோளமும் கடலையும் வீடு வந்து சேரும். பரம்பிக்குளம் - ஆழியாறு பாசனத்திலோ நான்கு மண்டலங்களுக்கும் முறை வைத்துத்தான் தண்ணீர் விடப்படுகிறது. ஆகவே காலையில் மாடு கறந்து பாலைச் சொசைட்டியில் ஊற்றிவிட்டு, வீட்டில் ஒருவராவது பனியன் கம்பெனிக்குப் போவது இப்பகுதியில் வழக்கமாகி விட்டது. சில ஆண்டுகள் வேலை பழகியவர்கள், “நாமே பத்து மெஷின் போட்டால் என்ன?” என்று நினைக்கிறார்கள்.

இந்த எண்ணம் தவறானதன்று. திருப்பூர் வளர்ந்ததே இப்படித்தான். ஆனால், வேலை தெரிந்தவர்கள், உழைப்புக்கு அஞ்சாதவர்கள், ஆர்டருக்கும் குறைவில்லாதவர்கள்கூட இரண்டு மூன்று ஆண்டுகளில் மெஷினை விற்றுவிட்டு, பூமியையும் அடமானத்தில் விட்டுவிட்டு நிற்பதைக் காண முடிகிறது. இலாபம் வருகிற தொழிலில் எப்படி நொடித்துப் போகிறார்கள் என்பதைப் புரிந்து கொண்டால், நிலத்தைக் காப்பாற்றிக் கொண்டே தொழிலையும் வளர்க்கலாம்.

திருப்பூர் வளர்ந்த விதம்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் திருப்பூர் ஒரு பருத்திச் சந்தை. உள்பனியன் தயாரிக்கும் சிறு பட்டறைகள் பின்னர் தோன்றின. 1956-ல் தென்னிந்திய பனியன் உற்பத்தியாளர் சங்கமான ‘சைமா’ உருவாயிற்று. 1970-களின் இறுதியில் இத்தாலியிலிருந்து வந்த வியாபாரிகள் டி-சர்ட் வாங்கத் தொடங்கினார்கள். 1980-களில் ஏற்றுமதி பெருகியது. 1990-ல் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் அமைந்தது.

இங்கே தொழிலை வளர்த்தவர்களில் பலர் பெரிய முதலாளிக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் அல்லர். சுற்றுவட்டார விவசாயக் குடும்பங்களில் பிறந்து, கம்பெனிகளில் கூலிக்கு வேலை செய்து, அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று கூட்டுச் சேர்ந்து நான்கைந்து மெஷினுடன் தொடங்கியவர்கள். சரத் சாரி என்ற ஆய்வாளர் திருப்பூரிலேயே தங்கி இவர்களைப் பற்றி விரிவாக ஆராய்ந்து 2004-ல் ஒரு நூல் வெளியிட்டார். தங்கள் முன்னேற்றத்துக்குக் காரணம் உழைப்பே என்று இவர்கள் சொல்வதை அந்த நூல் ஆராய்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. திருப்பூரில் ஒரே கூரையின் கீழ் எல்லா வேலையும் நடப்பது கட்டாயமில்லை. நூலைத் துணியாக்கும் நிட்டிங், வெளுப்பு, சாயம், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று ஒவ்வொரு வேலையையும் தனித்தனி யூனிட்டுகள் கூலிக்குச் செய்து கொடுக்கின்றன. இதைத்தான் ஜாப் ஒர்க் என்கிறார்கள். தையல் மட்டும் செய்து கொடுக்கும் பவர்டேபிள் யூனிட் போட, நூல் வாங்கவோ துணி வாங்கவோ முதல் தேவையில்லை. கம்பெனி வெட்டிய துணியைக் கொடுக்கும். தைத்துக் கொடுத்தால் பீஸுக்கு இவ்வளவு என்று கூலி கிடைக்கும்.

பல்லடம் பகுதி விவசாயிகளுக்கு இது புதிதன்று. கறிக்கோழிப் பண்ணையில் குஞ்சு, தீவனம், மருந்து ஆகியவற்றைக் கம்பெனி கொடுக்கிறது. கொட்டகையும் உழைப்பும் விவசாயியுடையவை. எடைக்குத் தக்க வளர்ப்புக் கூலி வருகிறது. பவர்டேபிளும் ஏறக்குறைய அதே ஏற்பாடுதான். முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. கோழிப் பண்ணையில் பெரும்பாலும் குடும்பத்தாரே வேலை செய்கிறார்கள். பவர்டேபிளில் பத்துப் பதினைந்து பேருக்குச் சனிக்கிழமை தோறும் சம்பளம் கொடுத்தாக வேண்டும். கம்பெனியிலிருந்து பணம் வந்தாலும் வராவிட்டாலும் சனிக்கிழமை வந்துவிடும்.

ஒரு மாத வரவு செலவு

அவினாசிப் பக்கத்தில் மூன்று ஏக்கர் நிலமுள்ள ஒரு குடும்பம் பத்து மெஷின் போடுவதாக வைத்துக் கொள்வோம். எளிய ரகம் ஒன்றை நாளொன்றுக்கு 1,000 பீஸ் தைக்கிறார்கள். பீஸுக்குக் கூலி ரூ.14. மாதத்தில் 25 நாள் வேலை. கீழே உள்ள தொகைகள் கணக்கைப் புரிந்து கொள்வதற்கான எடுத்துக்காட்டே. ரகத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப இவை மாறும். ஒவ்வொருவரும் தம் சொந்தத் தொகையைப் போட்டுப் பார்த்துக் கொள்ள வேண்டும்.

வரவு: 25,000 பீஸுக்கு ரூ.3,50,000.

செலவு:
தையல்காரர் கூலி, பீஸுக்கு ரூ.8 வீதம் - ரூ.2,00,000
கைவேலை, செக்கிங் ஆட்கள் மூவர் சம்பளம் - ரூ.37,500
இ.எஸ்.ஐ. (நிறுவனத்தின் பங்கு 3.25 சதவிகிதம்) - ரூ.7,700
தையல் நூல், ஊசி, எண்ணெய் - ரூ.15,000
மின்சாரம் - ரூ.9,500
கட்டட வாடகை - ரூ.12,000
வண்டி, டீ, இதர செலவு - ரூ.9,300
மெஷின் பழுது, தேய்மானம் - ரூ.9,000
மொத்தம் - ரூ.3,00,000

மிச்சம் ரூ.50,000. பீஸுக்கு இரண்டு ரூபாய்.

இதில் மூன்று இடங்களில் கணக்குத் தவறுவதைப் பார்க்கலாம். முதலாவது, சொந்தக் கொட்டகை என்றால் வாடகையை எழுதாமல் விட்டு விடுகிறார்கள். அந்தக் கொட்டகையை வேறொருவருக்கு விட்டிருந்தால் வாடகை வந்திருக்கும் அல்லவா? அதையும் செலவாகவே எழுத வேண்டும். இரண்டாவது, மெஷின் தேய்மானத்தை யாரும் நினைப்பதில்லை. உழவு மாட்டுக்கு வயதாவது போல மெஷினுக்கும் வயதாகிறது. மாதந்தோறும் அதற்கென்று ஒதுக்காவிட்டால், புது மெஷின் வாங்கும் நாளில் கடன்தான் வாங்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது, வீட்டாரின் உழைப்பு. கணவன் கம்பெனிக்கும் யூனிட்டுக்கும் அலைகிறார். மனைவி காலை முதல் இரவு வரை பீஸ் எண்ணி, ஆட்களைப் பார்த்துக் கொள்கிறார். இருவரும் வெளியே வேலைக்குப் போனால் ஆளுக்கு ரூ.15,000 வீதம் ரூ.30,000 கிடைக்கும் என்று வைத்தால், தொழிலின் உண்மையான இலாபம் ரூ.20,000 மட்டுமே. குடும்பச் செலவுக்கு ரூ.30,000 எடுத்துக் கொள்ளலாம். மீதி ரூ.20,000-ஐத் தொட்டால் தொழில் வளராது.

எத்தனை நாள் வேலை இருந்தால் கட்டும்?

மேற்கண்ட கணக்கு 25 நாள் வேலைக்கு உரியது. வெட்டிய துணி வராமலோ, சாயத்துக்குப் போன துணி திரும்பாமலோ வேலை நின்றால் என்ன ஆகும்? தையல்காரருக்குப் பீஸ் கணக்கில் கூலி என்பதால் அச்செலவு குறையும். வாடகையும், மாதச் சம்பள ஆட்களும், தேய்மானமும் குறையா. இதே யூனிட்டில் 15 நாள் மட்டும் வேலை நடந்தால் வரவு ரூ.2,10,000, செலவு ஏறத்தாழ ரூ.2,08,400. வரவும் செலவும் சரிக்குச் சரி. அந்த மாதம் குடும்பத்தின் உழைப்புக்குக் கூலிகூட இல்லை.

ஆகவே இந்த யூனிட்டுக்கு 15 நாள் என்பது எல்லைக்கோடு. ஒவ்வொரு யூனிட்டுக்கும் இப்படி ஓர் எல்லை உண்டு. அதைக் கணக்கிட்டு, மாதம் பிறந்ததும் காலண்டரில் குறித்து வைத்துக் கொள்வது நல்லது. அடுத்தடுத்து இரண்டு மாதங்கள் அந்த எல்லைக்குக் கீழே போனால் வேலை கொடுக்கும் வேறு கம்பெனியைத் தேட வேண்டும் என்று பொருள்.

அழிந்த பீஸையும் கணக்கில் கொள்ள வேண்டும். எண்ணெய்க் கறை பட்டதற்கும் ஊசி ஓட்டை விழுந்ததற்கும் கம்பெனி துணியின் விலையைப் பிடித்துக் கொள்ளும். ஒரு பீஸுக்கு ரூ.110 பிடித்தால், அது 55 பீஸ் தைத்த மிச்சத்தை விழுங்கி விடுகிறது. ஆகவே வெட்டிய துணிக்கட்டு வரும்போதே எண்ணிப் பார்த்து, குறைந்தாலோ அளவு தவறியிருந்தாலோ அந்த நேரத்திலேயே டெலிவரி சலானில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். தைத்து அனுப்பிய பின் சொன்னால் யாரும் ஒப்புக் கொள்ள மாட்டார்கள்.

இலாபம் இருந்தும் பணம் இல்லாத நிலை

இதுவே இக்கட்டுரையின் முக்கியமான பகுதி. மேற்சொன்ன யூனிட் மாதம் ரூ.3 லட்சம் செலவழிக்கிறது. தைத்துக் கொடுத்த 60-ஆவது நாளில்தான் கம்பெனி பணம் தருகிறது என்று வைத்துக் கொள்வோம். முதல் ரூபாய் உள்ளே வருமுன் கைப்பணம் ஏறத்தாழ ரூ.6 லட்சம் வெளியே போயிருக்கும். முதல் பில்லுக்குப் பணம் வந்த பிறகும் அந்த ரூ.6 லட்சம் திரும்புவதில்லை. தொழில் நடக்கும் வரை அவ்வளவு தொகை கம்பெனிகளிடம் நின்று கொண்டேயிருக்கும். கிணற்றில் முன்னூறு அடிக்கு இறங்கிய தண்ணீரைப் போல, அது இருக்கிறது; ஆனால் கைக்கு எட்டாது.

மெஷின் வாங்கப் பணம் வைத்திருக்கும் பலர் இந்த ரூ.6 லட்சத்தை எண்ணிப் பார்ப்பதில்லை. மூன்றாவது சனிக்கிழமை சம்பளத்துக்குப் பணம் இல்லாதபோது வெளியே வட்டிக்கு வாங்குகிறார்கள். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டியில் ரூ.6 லட்சம் வாங்கினால் மாத வட்டி ரூ.12,000. உண்மையான இலாபமான ரூ.20,000-ல் மிஞ்சுவது ரூ.8,000. மூன்று ரூபாய் வட்டி என்றால் ரூ.18,000 வட்டிக்கே போய், மிஞ்சுவது ரூ.2,000. உழைப்பு விவசாயிக்கு, இலாபம் வட்டிக்காரருக்கு என்றாகி விடுகிறது.

இனி, கம்பெனிக்காரர், “இன்னும் பத்து மெஷின் போடுங்கள், வேலை தருகிறேன்” என்று சொல்வதாக வைத்துக் கொள்வோம். பலருக்கும் இது அதிர்ஷ்டமாகத் தோன்றும். மெஷின் விலை தவிர, இன்னொரு ரூ.6 லட்சம் கைப்பணம் தேவை. மாதம் ரூ.20,000 சேமிக்கும் யூனிட்டுக்கு இந்தத் தொகை சேர 30 மாதங்கள் ஆகும். நாளையே வேண்டும் என்றால் கடன்தான் வழி. நிலப் பத்திரம் பெட்டியை விட்டு வெளியே வருவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். வேலை குறைவதால் கெடுபவர்கள் சிலர். வேலை திடீரென்று பெருகுவதால் கெடுபவர்களும் உண்டு.

பணம் விரைவில் திரும்ப வழிகள்

பில்லை உடனே போட வேண்டும். மாதம் முழுவதும் தைத்துக் கொடுத்துவிட்டு மாதக் கடைசியில் ஒரே பில்லாகப் போடுகிறவர்கள் உண்டு. நாள் கணக்கு பில் தேதியிலிருந்து தொடங்குவதால் சராசரியாக 15 நாள் வீணாகிறது. மேற்கண்ட யூனிட்டில் இது ஏறத்தாழ ரூ.1,50,000-ஐக் கூடுதலாக முடக்குகிறது. ஒவ்வொரு டெலிவரிக்கும், அல்லது வாரத்துக்கு ஒரு முறையாவது பில் போட்டால், செலவில்லாமலே இத்தொகை கைக்கு வரும்.

உத்யம் பதிவு செய்து கொள்ள வேண்டும். 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள இந்தப் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. ஆதார் எண்ணைக் கொண்டு பதிவு செய்யலாம். இதற்குப் பணம் கேட்கும் தரகர்களை நம்ப வேண்டியதில்லை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் வளர்ச்சிச் சட்டப்படி, குறு, சிறு யூனிட்டுகளுக்குத் தர வேண்டிய பணத்தை எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதில் கண்ட நாளுக்குள் தர வேண்டும். அந்த நாளும் 45-ஐத் தாண்டக் கூடாது. எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள் தர வேண்டும். தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் வட்டிக்கு வட்டியாகச் சேரும்.

கம்பெனிகள் இதை மதிக்க மற்றொரு காரணமும் வந்துள்ளது. 2024-25 வருமானவரி மதிப்பீட்டு ஆண்டு முதல், குறு, சிறு யூனிட்டுகளுக்குக் கெடு நாளுக்குள் தராத தொகையை, பணம் உண்மையில் கொடுக்கும் ஆண்டு வரை கம்பெனி தன் செலவாகக் காட்டிக் கொள்ள முடியாது. அதாவது, தாமதித்தால் அதன் வரி கூடும். பில்லில் உத்யம் எண்ணை அச்சிட்டுக் கொடுத்தால் கம்பெனியின் கணக்கரே இதைக் கவனிப்பார்.

வேலை தருபவரிடம் சட்டம் பேசினால் அடுத்த ஆர்டர் வராது என்று பலர் அஞ்சுகிறார்கள். அச்சம் நியாயமானதே. ஆகவே பாக்கி ஏறிய பிறகு சண்டை போடுவதைவிட, முதல் துணிக்கட்டு வாங்கும் முன்பே கூலி, பணம் தரும் நாள், பிடித்தம் செய்யும் முறை ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு வைத்துக் கொள்வது நல்லது. 60 நாளுக்குப் பதில் 45 நாளில் பணம் வந்தாலே இந்த யூனிட்டில் ரூ.1,50,000 விடுபடும். அப்படியும் வராத பெரும் பாக்கிக்கு முறையிட, மாநில அரசு அமைத்துள்ள குறு, சிறு தொழில் வசதியாக்க மன்றம் இருக்கிறது. மாவட்டத் தொழில் மையத்தில் வழிமுறை கேட்டுத் தெரிந்து கொள்ளலாம்.

ஜி.எஸ்.டி.யையும் மறக்கலாகாது. ஜாப் ஒர்க் ஒரு சேவை என்பதால், ஆண்டு வரவு ரூ.20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். மேற்கண்ட யூனிட்டின் ஆண்டு வரவு ரூ.42 லட்சம். பில் போட்ட மாதத்துக்கு அடுத்த மாதமே வரியைச் செலுத்த வேண்டும். கம்பெனி பணம் தந்ததா என்று வரித்துறை கேட்பதில்லை. இதற்கும் கைப்பணம் ஒதுக்க வேண்டும்.

நிலத்தைத் தனியே வைக்க வேண்டும்

ஒருவர் தம் பெயரில் தனியாகவோ, சாதாரணக் கூட்டாகவோ நடத்தும் தொழிலில், தொழிலின் கடன் அவருடைய சொந்தக் கடனே. அடமானம் வைக்காவிட்டாலும், கடன் தீராமல் வழக்கு நடந்து தீர்ப்பானால் அவருடைய சொத்தின்மேல் வர முடியும். ஆகவே பத்திரத்தை அடமானம் வைக்கவில்லை என்பதால் மட்டும் நிலம் பத்திரமாக இருக்கிறது என்று எண்ணக் கூடாது. கடனை அடக்கி வைப்பதே நிலத்துக்குக் காவல்.

வங்கிக் கடன் வாங்கும்போது, முத்ரா திட்டத்தில் ரூ.10 லட்சம் வரை நிலப் பிணையம் இல்லாமலே தொழிலுக்குக் கடன் பெறலாம். மெஷினுக்கு ஒரு கடன், அன்றாடச் செலவுக்கு ஒரு கடன் என்று இரண்டையும் சேர்த்தே முதலில் கேட்க வேண்டும். மெஷினுக்கு மட்டும் வாங்கிவிட்டுச் சம்பளத்துக்குத் தனியாரிடம் போவது தவறு. மானியத்துடன் கூடிய மத்திய, மாநிலத் திட்டங்களின் விதிகள் அவ்வப்போது மாறுவதால், மெஷினுக்கு முன்பணம் கொடுக்கும் முன்பே மாவட்டத் தொழில் மையத்துக்கு நேரில் போய் விசாரிக்க வேண்டும். மெஷினை வாங்கிவிட்டுப் பிறகு மானியம் கேட்டால் பயனிருக்காது.

கூட்டுறவு சங்கத்தில் பெற்ற பயிர்க் கடனையும், பயிருக்கென்று வைத்த நகைக் கடனையும் சனிக்கிழமைச் சம்பளத்துக்குத் திருப்புவது பெரும் ஆபத்து. பயிர்க் கடனுக்கு வட்டிச் சலுகை இருப்பது கெடு நாளில் திருப்பிச் செலுத்துபவர்களுக்குத்தான். கம்பெனிப் பணம் தாமதமானால் சலுகையும் போகும், அடுத்த பட்டத்துக்கு விதைக்கும் உரத்துக்கும் கடனும் கிடைக்காது. ஆகவே தொழிலுக்கு ஒரு வங்கிக் கணக்கு, தோட்டத்துக்கு ஒரு வங்கிக் கணக்கு என்று பிரித்து வைக்க வேண்டும். பால் பணம் வீட்டுச் செலவுக்கே இருக்கட்டும். மாட்டை விற்று மெஷின் வாங்கினால், வேலை இல்லாத மாதத்தில் வீட்டுக்கு வரும் ஒரே வருமானமும் நின்று விடும்.

தோட்டத்தில் கொட்டகை போடுபவர்கள் வேறொன்றையும் கவனிக்க வேண்டும். விவசாயப் பம்புக்கு அளிக்கப்படும் இலவச மின்சாரத்தை மெஷினுக்கு இழுப்பது குற்றம். தொழிலுக்குத் தனி இணைப்பும், உள்ளாட்சி அனுமதியும் பெற வேண்டும். பத்துப் பேர் வேலை செய்தாலே இ.எஸ்.ஐ., இருபது பேரானால் வருங்கால வைப்பு நிதி என்பனவும் வந்து சேரும். இவற்றைச் செலவில் சேர்த்த பிறகே பீஸ் கூலியைப் பேச வேண்டும்.

பங்காளியும் ஜாமீனும்

உறவினரோடு கூட்டுச் சேர்வது கொங்கு நாட்டு வழக்கம். திருப்பூர்த் தொழிலுக்கு அது பெரும் பலமாகவும் இருந்தது. ஆனால் யார் எவ்வளவு பணம் போட்டார், யார் என்ன வேலை பார்ப்பார், மாதம் எவ்வளவு எடுக்கலாம், பிரிந்தால் மெஷின் யாருக்கு என்பதை எழுதி வைக்காத கூட்டு, உறவையும் கெடுக்கிறது. “சொந்தத்துக்குள் எதற்கு எழுத்து?” என்று கேட்பது பெருந்தன்மை போலத் தோன்றும். உறவு நீடிக்க வேண்டும் என்பதற்காகவே எழுத வேண்டும். அதேபோல, மற்றொருவர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவதும் தன் நிலத்தைக் கொடுப்பதற்குச் சமம் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

கெட்ட காலத்துக்குக் கையிருப்பு

திருப்பூர்த் தொழிலில் தடங்கல் சிறு யூனிட்டின் தவறால் மட்டும் வருவதில்லை. சாயக் கழிவால் நொய்யலும், 1992-ல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையும் கெட்டு, கீழ்ப் பாசன விவசாயிகளின் நிலமும் கிணறும் பாழாயின. அவர்கள் தொடர்ந்த வழக்கில், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. சாயமே போடாத தையல் யூனிட்டுகளும் துணி வராமல் நின்றன. 2016 நவம்பரில் பணமதிப்பு நீக்கம், 2020 மார்ச்சில் ஊரடங்கு, 2022-ல் நூல் விலை ஏற்றமும் மே மாத வேலை நிறுத்தமும், 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா விதித்த 50 சதவிகித வரி என்று தடங்கல்கள் தொடர்ந்து வந்திருக்கின்றன. காரணம் ஒவ்வொரு முறையும் வேறு. ஆனால் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை ஏதோ ஒன்று வருகிறது என்பது மட்டும் மாறவில்லை. வறட்சியைப் போலவே இதையும் எதிர்பார்த்துத்தான் இருக்க வேண்டும்.

இதற்கு மூன்று தற்காப்பு உண்டு. ஒரே கம்பெனியிடமிருந்து பாதிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஏற்றுமதி வேலையோடு உள்நாட்டு வேலையும் கொஞ்சம் வைத்துக் கொள்ள வேண்டும். வேலை அடியோடு நின்றாலும் வாடகை, மாதச் சம்பளம், கடன் தவணை ஆகியவற்றை மூன்று மாதம் தாங்கும் தொகையை வங்கியில் தனியே போட்டு வைக்க வேண்டும்.

பருவத்தையும் பார்த்துக் கொள்ள வேண்டும். உள்நாட்டு பனியன் வேலைக்குத் தீபாவளிக்கு முன்புதான் நெருக்கடி. மானாவாரி நிலத்தில் புரட்டாசி, ஐப்பசி விதைப்பும் அதே சமயத்தில்தான். இரண்டையும் ஒருவரே பார்க்க முயன்றால் இரண்டும் கெடும். தோட்டத்தை யார் பார்ப்பது, யூனிட்டை யார் பார்ப்பது என்று வீட்டில் முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது.

எப்போது மெஷின் கூட்டலாம்?

தொடர்ந்து ஆறு மாதம் 22 நாளுக்குக் குறையாமல் வேலை இருந்திருக்க வேண்டும். பாக்கிகள் 45 நாளுக்குள் வந்து கொண்டிருக்க வேண்டும். புது மெஷின்களுக்கு இரண்டு மாதச் செலவுக்கான பணம் கையில் இருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் மெஷின் கூட்டலாம். அப்போதும் இரண்டு மூன்றாகக் கூட்டுவதே முறை. மேற்கண்ட யூனிட்டில் ஒரு மெஷின் கூடினால் தையல் கூலி, நூல், மின்சாரம், இ.எஸ்.ஐ. சேர்ந்து மாதம் ஏறத்தாழ ரூ.23,000 கூடும். மூன்று மெஷினுக்கு இரண்டு மாதத்துக்குச் சுமார் ரூ.1,40,000. இதை ஏழு மாதச் சேமிப்பிலேயே சேர்த்து விடலாம். பத்து மெஷினுக்கு ஆகும் 30 மாதத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

எந்த மெஷினைக் கூட்டுவது என்பதும் முக்கியம். வாய்க்கால் எவ்வளவு அகலமாக இருந்தாலும் மடை குறுகலாக இருந்தால் அந்த அளவுக்குத்தான் வயலுக்குத் தண்ணீர் பாயும். பிளாட்லாக்கின் முன்னால் பீஸ் குவிந்து கிடக்கும்போது இன்னொரு ஓவர்லாக் வாங்கினால் குவியல்தான் பெரிதாகும். ஒரு வாரம் எந்த இடத்தில் பீஸ் தேங்குகிறது என்று மாலைதோறும் எண்ணிக் குறித்துப் பார்த்தால், எந்த மெஷின் வேண்டும் என்பது தானே தெரியும். சில சமயம் மெஷினே வேண்டாம், நன்கு பழகிய ஓர் ஆள் போதும் என்பதும் தெரிய வரும்.

சனிக்கிழமை மாலை எழுத வேண்டிய ஆறு எண்கள்

இவ்வளவையும் கவனிக்கக் கணக்கர் வேண்டியதில்லை. பள்ளிக்கூட நோட்டு ஒன்று போதும். சனிக்கிழமை சம்பளம் கொடுத்து முடித்ததும் ஆறு எண்களை எழுதி வைக்க வேண்டும்: இந்த வாரம் எத்தனை நாள் வேலை நடந்தது, எத்தனை பீஸ் தைத்து அனுப்பியது, எத்தனை பீஸுக்குப் பிடித்தம், கம்பெனிகளிடம் நிற்கும் மொத்தப் பாக்கி எவ்வளவு, அதில் 45 நாளைத் தாண்டியது எவ்வளவு, கையிலும் வங்கியிலும் உள்ள பணம் எத்தனை சனிக்கிழமைக்குக் காணும்.

கடைசி எண் நான்குக்குக் கீழே இறங்கினால், புது ஆர்டர் எதையும் ஒப்புக் கொள்ளும் முன் பாக்கியை வசூலிக்கப் புறப்பட வேண்டும். எட்டுக்கு மேல் இருந்தால் மெஷின் கூட்டுவதைப் பற்றி யோசிக்கலாம். இந்த நோட்டைத் தவறாமல் எழுதி வரும் குடும்பத்தில், பவர்டேபிளும் ஓடும். நிலப் பத்திரமும் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கும்.